நிலத்தோடு வந்த பெயர்

இங்கிலாந்தின் பழைய நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் முதலில் குடும்பப் பெயரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பல நேரம் வழி தவறுவதும் அங்கேதான். பெயர் தகப்பனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை; நிலத்தோடு சேர்ந்தும் வந்திருக்கலாம்.

ஹாம்ப்ஷயரில் சாட்டன் என்ற ஊரை ஆண்ட நைட் குடும்பத்தைப் பாருங்கள். 1679-ல் சர் ரிச்சர்ட் நைட் பிள்ளையின்றி இறந்தார். சொத்து மார்ட்டின் என்ற உறவினர் வீட்டுக்குப் போனது; அவர்கள் தங்கள் பெயரை நைட் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டுச் சகோதரர்களுக்குப் பின் 1702-ல் அவர்களின் சகோதரி எலிசபெத் உரிமைக்காரியானார். அவர் இருமுறை மணந்தார். வில்லியம் உட்வர்டு, புல்ஸ்ட்ரோட் பீச்சி என்ற அந்தக் கணவர்கள் இருவருமே மனைவியின் பெயரை ஏற்றார்கள்! 1737-ல் அவரும் வாரிசின்றி இறந்தார். சொத்து கென்ட் பகுதியின் காட்மர்ஷமில் இருந்த தாமஸ் என்பவருக்குப் போனது. அவர் பிறப்பால் பிராட்நாக்ஸ். 1727-ல் வேறொரு சொத்துக்காக மே ஆனவர், 1738-ல் நைட் ஆனார். அவர் மகனுக்கும் குழந்தையில்லை. அந்த மகனும் மனைவியும் எட்வர்டு ஆஸ்டினைச் சுவீகாரம் எடுத்தார்கள். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் அண்ணன்தான் அவர். 1812-ல் அவரும் நைட் ஆனார். ஜேன் 1809 முதல் வாழ்ந்த சாட்டன் வீடு இந்தப் பண்ணையைச் சேர்ந்தது.

பெயரை மட்டும் நம்பியவருக்கு இது ஒரே குலமாகத் தெரியும். ஆகவே நிலத்தின் பத்திரங்களைத் தொடருங்கள். சொத்துக்காகப் பெயர் மாறும்போது நாடாளுமன்றச் சட்டமோ அரச உரிமமோ பெரும்பாலும் இருக்கும். யாருடைய சொத்துக்காக மாற்றினார் என்பது அங்கே தெரியும். திருமண ஒப்பந்தப் பத்திரங்களும் முக்கியம். பெண் வீட்டார் யார், எந்த நிலம் யாருக்குப் போகும் என்பதையெல்லாம் அவை சொல்லும்.

எப்போதும் பின்னோக்கியே போக வேண்டும். பிறப்பு இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகள். அவை 1538-ல் உத்தரவானவை, எல்லா ஊரிலும் முழுதாக மிஞ்சவில்லை. ஒரு எச்சரிக்கை: 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1702 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் அது 1703.

அச்சான வம்சாவளி நூல்களைத் துப்பாக மட்டுமே கொள்ளுங்கள். 1830களில் ஜான் பர்க் தொடங்கி வைத்த தொகுப்புகளில் அந்தந்தக் குடும்பமே எழுதிக் கொடுத்த பெருமை நிறைய உண்டு.

உயில்களில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 1858 வரை வசதியுள்ளோரின் உயில்கள் பல கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவாயின. இன்று அவை கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் எழுதியவற்றை முதலில் எடுங்கள். பண்ணையை மூத்த மகனுக்கு எழுதும் ஆண் மற்றவர்களைச் சுருக்கமாகக் கடந்துவிடுவார். இந்தப் பெண்களோ மோதிரத்தையும் துணியையும் தங்கை மகளுக்கும் அண்ணன் பேத்திக்கும் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுப்பார்கள்.