கொலுப் பெட்டிக்குள் ஒரு குடும்ப வரலாறு
பழம்பொம்மைகளை அடையாளம் காண்பதும் பாதுகாப்பதும்

நவராத்திரி நெருங்கியதும் மல்லேஸ்வரம், பசவனகுடி, அல்சூர் பகுதிகளிலுள்ள தமிழ் இல்லங்களில் பரண்மேல் இருந்த பெட்டிகள் கீழே இறங்குகின்றன. அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தினருக்கும் இது 'பொம்பெ ஹப்பா' எனும் பொம்மைத் திருவிழாவே. பெட்டிக்குள் பழந்துணியில் சுற்றிய பொம்மைகளில் எது கொள்ளுப்பாட்டியின் சீதனம், எது சென்ற ஆண்டு கடையில் வாங்கியது என்பது வீட்டின் மூத்தவர் ஒருவருக்கே தெரிந்திருக்கும். அவர் மறைந்து, வீடும் அடுக்ககமாக மாறும் நாளில் பெட்டி அப்படியே பழைய சாமான் கடைக்குப் போய்விடுவதுண்டு. அந்த இழப்பைத் தவிர்க்க, நம் வீட்டுப் பொம்மைகளை நாமே இனங்காணக் கற்பது நலம்.

எதனால் ஆனது?

முதலில் பொருளை அறிவோம். பொம்மையின் அடிப்பகுதியிலோ, வண்ணம் உதிர்ந்த இடத்திலோ பார்த்தால் போதும். செம்மண் நிறம் தெரிந்தால் சுடுமண். வெள்ளை மாவாக உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அளவுக்குப் பொருந்தாத இலேசான எடையும் உள்ளே தாள் அடுக்குகளும் இருந்தால் காகிதக்கூழ். தொட்டால் குளிர்ந்து, அடி விளிம்பில் மட்டும் பளபளப்புப் பூச்சின்றி வெண்மையாக இருப்பது பீங்கான்.

மர பொம்மைகளில் முதன்மையானது மரப்பாச்சி. மைசூருப் பகுதியில் இதனைப் 'பட்டத கொம்பெ' என்பர். மணமகளுக்குத் தாய்வீட்டார் இணையாகத் தருவர். பழைய மரப்பாச்சி செம்மரத்தில் கடையப்பட்டது. கையில் எடுத்தால் கனக்கும். உடைந்த மூலையில் வெளிறிய மரம் தெரிந்தால், அது வேறு மரத்தில் சாயமேற்றியது என்று கொள்ளலாம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணத்துப் பொம்மைகளை அவற்றின் உருண்ட வடிவமே காட்டிக்கொடுக்கும். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். பின்னர் தாழை ஓலையால் மெருகேற்றுவர். ஆகவே நிறம் மரத்தைச் சுற்றி வளையமாக ஒட்டியிருக்கும். தூரிகைத் தடம் இராது.

அடியிலுள்ள எழுத்து

கண்ணாடி அலமாரியில் நிற்கும் பீங்கான் கிளிகள், மயில்கள், தெய்வ உருவங்கள் ஆகியவற்றைத் திருப்பிப் பார்ப்போம். வணிகக் குறிகள் பற்றிய சட்டம் பிரிட்டனில் 1887-லும் இந்தியாவில் 1889-லும் இயற்றப்பட்டது. அதன்பின் அயல்நாட்டுப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. 'நிப்பான்' என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்பது இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1952 வரையிலான ஏற்றுமதிப் பொருள். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கு முந்தியதன்று. முத்திரை இல்லாத காரணத்தால் மட்டும் ஒன்றைப் போலி என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால், பூச்சின் மேலே ஒட்டியதுபோல் இருந்து நகம் பட்டவுடன் பெயரும் முத்திரையை ஐயத்துடன் நோக்குதல் வேண்டும்.

உருவமும் காலம் சொல்லும். இரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் 1894-ல் தொடங்கியது. அதன் அச்சுப்படத்தைப் பார்த்து வடித்த இலக்குமியோ சரஸ்வதியோ அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. இத்தகைய பீங்கான் தெய்வங்கள் ஜெர்மனியிலேயே செய்யப்பெற்று இந்தியாவுக்கு வந்தன. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணலாம்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுவோர் மைசூரு அரண்மனையின் 'கொம்பெ தொட்டி'யைப் பார்த்துவரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்த பொம்மைகள் அங்கே உள்ளன.

வாங்கும்போது

சிக்பேட்டையை அடுத்து ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும் பழம்பொருள் கடைகளிலும் பொம்மைகள் கிடைக்கின்றன. கழுத்து, மணிக்கட்டு, பறவையின் அலகு, வால் நுனி ஆகியவையே முதலில் உடையும் இடங்கள். அங்கு நிறம் மாறியிருந்தால் ஒட்டுவேலை நடந்திருக்கிறது. மேடான இடங்களில் தேய்ந்தும் பள்ளங்களில் நிறம் நிலைத்தும் இருப்பது இயல்பான பழமை. எங்கும் ஒரே சீராக அழுக்குப் படிந்திருந்தால் அது செயற்கையாக இருக்கக்கூடும். வாங்கிய பொருளுக்கு விவரமான பற்றுச்சீட்டு பெறுவது இன்றியமையாதது.

சட்டமும் வரியும்

தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972-இன்படி நூறாண்டு நிறைந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை. அதனை வணிகம் செய்வோர் உரிமம் பெறவேண்டும். கல், சுடுமண், உலோகச் சிற்பங்கள் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிட்னியிலோ சிங்கப்பூரிலோ வாழும் மகளுக்குப் பாட்டியின் பொம்மையைக் கொடுத்தனுப்ப விரும்புவோர், முன்னதாகவே இந்தியத் தொல்லியல் துறையை அணுகி, அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழைப் பெறுவது நல்லது. விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட அது எளிது. தந்தப் பொம்மைகளை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

கலைப்பொருளும் சிற்பமும் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துகளே. விற்று வரும் ஆதாயம் வரிக்கு உட்படலாம். இணையவழியில் விற்கும்போது, "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் கூறினால் உடனே விலகிவிடுக. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

பொம்மைகளை வைப்புத்தொகைக்கு மாற்றாகக் கருதுதல் கூடாது. அவற்றுக்கு உறுதியான வட்டியும் இல்லை, வேண்டிய நாளில் வாங்குவோரும் இல்லை.

பாதுகாக்கும் முறை

மண் பொம்மையின் பழைய வண்ணம் ஈரத்தில் கரையும். எனவே தண்ணீர் படாமல் மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். மங்கிய நிறத்தின்மேல் புதிய வண்ணம் பூசினால் பொம்மையின் வரலாறு மறைந்துவிடும். நாளிதழின் மை பொம்மையில் ஒட்டும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும். துவைத்த பருத்தித் துணியே உகந்தது.

இவ்வாண்டு கொலு கலைக்கும் முன் ஒவ்வொரு பொம்மையையும் முன்னும் பின்னும் அடியிலும் படம் எடுப்போம். வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, அது யாருடையது, எங்கே வாங்கியது, எந்த ஆண்டு வந்தது என்று கேட்டு எழுதி, ஒரு படியைப் பெட்டிக்குள்ளேயே வைப்போம். அடுத்து அப்பெட்டியைத் திறப்பவருக்கு அந்தத் தாளும் ஒரு சொத்தாகும்.