கரியிழைக் கூடும் மின்சாரக் கார் ஓடும் தூரமும்

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஐ3 மின்சாரக் காரின் பயணிகள் கூடு, கரியிழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக்கினால் ஆனது. மின்கல அடுக்கின் பாரத்தை ஈடுசெய்யவே விலை மிகுந்த இவ்விழை கையாளப்பட்டது.

எடை குறைந்தால், புறப்படும்போதும் மேடேறும்போதும் சக்தி மிச்சமாகும் என்பது மெய்யே. ஆயின் பிரேக் போடுகையில் மோட்டாரே ஜெனரேட்டராகி அச்சக்தியில் ஒரு பகுதியை மீட்டுத் தருவதால், பெட்ரோல் காரில் கிட்டும் அளவு ஆதாயம் இதில் கிட்டுவதில்லை. நெடுஞ்சாலை வேகத்திலோ, சக்தியைப் பெரிதும் விழுங்குவது காற்றின் தடை. எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்க அரசின் அளவீட்டின்படி, ஒரு முறை மின்னேற்றம் செய்தால் 2014-ஆம் ஆண்டு மாதிரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிற்று; 2019-ஆம் ஆண்டு மாதிரி 246 கிலோமீட்டர் ஓடிற்று. கூடு அதே கரியிழைக் கூடுதான். எடையோ சற்றுக் கூடியே இருந்தது! மின்கலத்தின் கொள்ளளவு 22 கிலோவாட்-மணியிலிருந்து 42 ஆக உயர்ந்திருந்தது.