நித்திரையில் நேரம் மிச்சம் பிடிக்கலாமா?



சென்ற குளிர்காலத்தில் ஒரு தாய் தனது மகனை எமது மருத்துவ நிலையத்துக்கு அழைத்து வந்திருந்தார். (அவர்களை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) மகனுக்கு வயது 17. ஏ லெவல் பரீட்சைக்குப் படிக்கிறார். தலையிடி, பசியின்மை, எல்லோர் மீதும் எரிந்து விழுதல் என்று தாய் முறைப்பாடுகளை அடுக்கினார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் விடயம் வெளியே வந்தது.

"டொக்டர், இவன் இரவிலை ஒழுங்காப் படுக்கிறதே இல்லை. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அலாரம் வைச்சு இருபது நிமிசம் படுத்திட்டு எழும்பிப் படிக்கிறான். படிக்கிற பிள்ளையை என்னெண்டு ஏசுறது?"

அந்தக் குரலில் கவலை பாதி, பெருமை பாதி.

மகன் எமக்கு ஆறுதலாக விளக்கினார். இதற்கு யூபர்மான் முறை என்று பெயராம். ஒரு நாளைக்கு ஆறு தடவை 20 நிமிட நித்திரை, மொத்தம் இரண்டு மணித்தியாலம். மிச்சம் 22 மணித்தியாலமும் படிப்புக்கு. இது கடினமானால் எவ்ரிமான் என்று இன்னொன்று: இரவில் மூன்று மணித்தியாலம், பகலில் மூன்று குட்டி நித்திரை. "முதல் ரெண்டு கிழமைதான் கஷ்டம் அங்கிள், பிறகு உடம்பு பழகியிடும். எனக்குப் பதினொரு நாள் முடிஞ்சுது" என்றார்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்கக் கட்டிட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்ரர் ஃபுல்லர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் என நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொண்டு இரண்டு வருடம் வாழ்ந்ததாக 1943இல் ரைம் சஞ்சிகை எழுதியது. பிறகு அவர் அதைக் கைவிட்டார். அவருடன் தொழில் செய்தவர்கள் மற்ற மனிதர்களைப் போல இரவில் படுக்க விரும்பினார்களாம்! லியனார்டோ டாவின்சியும் இப்படித்தான் வாழ்ந்தார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதற்கு அவர் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. தனியே பாய்க்கப்பல் ஓட்டிக் கடல் கடப்பவர்களின் துண்டு துண்டான நித்திரையை ஆராய்ந்தவர் இத்தாலிய ஆராய்ச்சியாளர் கிளோடியோ ஸ்ராம்பி. அவரும் இதை வேறு வழியில்லாத நேரத்துக்கான முறையாகவே பார்த்தார். நடுக்கடலில் தனியே நிற்பவருக்கும் வீட்டில் கட்டில் உள்ளவருக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

சரி, உடம்பு பழகிவிடும் என்பது உண்மையா? நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

2003இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 48 பேரைப் பிரித்து, தொடர்ந்து 14 நாட்கள் சிலருக்கு எட்டு மணித்தியாலமும் சிலருக்கு ஆறும் சிலருக்கு நாலும் படுக்கையில் கொடுத்தார்கள். ஆறும் நாலும் கிடைத்தவர்களின் கவனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. முடிவில் அவர்கள் ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்திருந்தார்கள். ஆனால் அவர்களிடம் கேட்டபோது, 'கொஞ்சம் நித்திரைக் குணம்தான், வேறொன்றும் இல்லை' என்ற மாதிரியே பதில் வந்தது. திறமை விழுந்துகொண்டே போக, விழுகிறது என்ற உணர்வு மட்டும் சில நாட்களில் நின்றுவிட்டது. பழக்கம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். குடித்தவரிடம் "நீர் வெறியில் இருக்கிறீரா?" என்று கேட்பதைப் போன்றது.

20 நிமிடத் துண்டுகள் ஏன் போதாது? நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த நித்திரை கூடுதல். வளர்ச்சி ஹோர்மோனின் பெரும்பங்கு அப்போதுதான் சுரக்கிறது. விடியற்புறத்தில் கனவு நித்திரை கூடுதல். பகலில் படித்தது நினைவில் பதிவதும் நித்திரையில்தான். 20 நிமிடத்தில் அலாரம் அடித்தால் சுற்று முடிவதற்கு வழியே இல்லை. இத்தகைய முறைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை அமெரிக்க நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டது. நன்மைக்குச் சான்று இல்லை, உடலுக்கும் மனதுக்கும் வேலைத் திறமைக்கும் கெடுதலுக்குச் சான்று உண்டு என்றார்கள்.

ஆராய்ச்சியை விடுவோம். இதை நாமே செய்து பார்த்தவர்கள்.

1999இல் நாம் மூவர் வட லண்டனில் ஒரு கடைக்கு மேலுள்ள அறையில் இருந்தோம். மூவரும் ஊரில் மருத்துவம் படித்து அகதிகளாக வந்தவர்கள். இங்கே வைத்தியராகப் பதிவதற்கு பிளாப் பரீட்சை எழுத வேண்டும். சீட்டுக் காசு கட்டவும் ஊருக்கு அனுப்பவும் உழைக்கவும் வேண்டும். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் நூலகம். காலை இரண்டு மணித்தியாலம், மாலை ஒன்றரை மணித்தியாலம் என்று நித்திரையை இரண்டாக உடைத்தோம். அறையில் மெத்தை இரண்டுதான் என்பதால் அதற்கும் முறை வைத்தோம். யார் குறைய நித்திரை கொள்கிறார் என்பதில் எமக்குள் ஒரு போட்டியும் இருந்தது. மருத்துவம் படித்த மூவருக்கும் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது!

ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிப்போம், ஒன்றும் நிற்காது. மூவரில் இருவர் முதல் தடவை தவறினோம். பிறகு ஒரு தை மாதக் காலை, வேலை முடிந்து வரும்போது, எமது கார் வளைவுத் திடலின் மேல் ஏறிப் பெயர்ப்பலகையில் மோதி நின்றது. ஓட்டியவர் பிறேக்கில் கால் வைக்கவே இல்லை. பின்னால் இருந்தவர்களுக்கு மோதிய பிறகுதான் விழிப்பு. "கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள்?" என்று பொலிஸ்காரர் கேட்டபோது மூவரும் மூன்று பதில் சொன்னோம். ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிந்து ஆறு கிழமை வேலைக்குப் போக முடியவில்லை. இரவிலே படுத்து, பகலிலே படித்தார். அடுத்த தடவை எல்லோரிலும் கூடிய புள்ளி அவருக்குத்தான்.

தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல இருப்பதை 1997இலேயே அவுஸ்திரேலியாவில் அளந்து காட்டியிருந்தார்கள். நாம் வாசித்திருக்கவில்லை.

எமது சமூகத்துக்கு இன்னொரு பயமும் உண்டு: சலரோகம். 1999இல் சிக்காகோவில் 11 இளம் ஆண்களை ஆறு இரவுகள் நாலு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டு ஆராய்ந்தார்கள். நல்ல சுகதேகிகளான அவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன், ஒரு கிழமைக்குள்ளேயே தெளிவாகக் குறைந்தது. பிறப்பிலேயே எமக்குச் சலரோகம் வரும் சாத்தியம் அதிகம். அதற்கு மேல் இதையும் ஏற்ற வேண்டுமா?

பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம், பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் கண்ணயர்வது நல்லதுதான். ஆனால் அது இரவு நித்திரைக்கு மேலதிகமாக. பிள்ளை படிக்கிறது என்று இரவு பத்து மணிக்குச் சாயம் கூடிய தேத்தண்ணி கொடுக்கும் அன்பை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள கஃபேனில் பாதி போகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் செல்லும்.

இரவு வேலை செய்பவர்களுக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தவுடன், கடிதம் பார்ப்பது, கடைக்குப் போவது எல்லாவற்றுக்கும் முன்னர் படுத்துவிடுங்கள். தடித்த திரைச்சீலை, நிறுத்திய தொலைபேசி. ஐந்து, ஆறு மணித்தியாலம் ஒரே தொடராகவும், வேலைக்குப் போகுமுன் ஒன்றரை மணித்தியாலமும் கிடைத்தால் துண்டு துண்டாகப் படுப்பதைவிட நல்லது. கண் செருகினால் கார்ச் சாவியைத் தொடாதீர்கள், பஸ்ஸில் வாருங்கள்.

மகனுடன் ஒரு பரிசோதனைக்கு உடன்பட்டோம். அன்றே ஒரு பழைய கணித வினாத்தாளை நேரம் வைத்துச் செய்வது. பிறகு இரண்டு கிழமை இரவில் எட்டரை மணித்தியாலம் படுத்து, இன்னொரு தாளைச் செய்வது. திரும்பி வந்தபோது முதல் தாளில் கடைசி இரண்டு கேள்விகளும் வெறுமையாக இருந்தன. இரண்டாவதில் பத்து நிமிடம் மிஞ்சியதாம். தலையிடியும் இல்லை.

எழும்பும்போது தாய் தயங்கி நின்றார். "அப்ப, இவற்றை அப்பா?" தகப்பனுக்குப் பகலில் களஞ்சியசாலையில் வேலை, கிழமைக்கு நாலு இரவு பெற்றோல் நிலையம். இருபது வருடமாக.

அடுத்த கிழமை அவருக்கு நேரம் கொடுத்தோம். வந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை; காத்திருக்கும் அறையில், கதிரையில் இருந்தபடியே, மடியில் தொப்பியுடன் நித்திரை. அன்று அவரைக் கடைசி ஆளாகப் பார்த்தோம்.