வீட்டு மின்சாரம்: காவலனை அகற்றலாகாது

கோலாலம்பூரின் பங்சார் இன்று அடுக்குமாடிகளும் கடைவீதிகளும் நிறைந்த நகர்ப்பகுதி. ஆனால் ஒரு காலத்தில் அதன் மேடுகளில் பால்மரங்களே நின்றன. அதே பங்சாரில்தான் 1920களில் ஒரு மின்நிலையமும் எழுந்தது. நிலக்கரியை எரித்து அது தலைநகருக்கு ஒளியூட்டியது. 1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. அந்நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் பங்சாரில்தான் அமைந்திருக்கின்றது.

இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1894இல், ரவாங் ஈயச் சுரங்கத்தில் என்று பதிவுகள் கூறுகின்றன. அங்கே மின்னாக்கி இயந்திரத்தை நிறுவிய இருவருள் ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம்மவரான தம்புசாமிப் பிள்ளை.

ஆயினும் தோட்டத்து லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் வெளிச்சம் தந்தது. இன்றோ மின்சாரம் இரவும் பகலும் நம் ஏவலுக்குக் காத்திருக்கின்றது. தோட்டத்தில் வாழ்வோரும், தோட்டத்தை விட்டுப் பங்சார், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் எனக் குடியேறிய நம் பிள்ளைகளும் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், வெந்நீர்க் கருவி ஆகியவற்றை வாங்கியுள்ளனர். வசதி பெருகியது, அதற்கேற்ற எச்சரிக்கையும் பெருகியதா என்பதே கேள்வி.

விழுகின்ற சுவிட்ச்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்திலிருந்து வந்து பழைய அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கின்றார்கள். மழை நாளில் மெயின் பெட்டியிலுள்ள ஒரு சுவிட்ச் தானாகக் கீழே விழுந்து, வீடு முழுதும் இருளாகின்றது. தூக்கிவிட்டால் மீண்டும் விழுகின்றது. "வயரிங் தெரிந்தவர்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் ஒருவர் வருகின்றார். பெட்டியைத் திறந்து, அந்தச் சுவிட்சைத் தவிர்த்துக் கம்பிகளை நேராக இணைத்துவிட்டு, ஐம்பது வெள்ளி பெற்றுக்கொண்டு போகின்றார். இனி விளக்கு அணைவதில்லை. குடும்பத்தார் மகிழ்கின்றனர்.

உண்மையில் நடந்தது என்ன? வாசலில் நின்று குரைத்த நாயைத் துரத்திவிட்டார்கள்; திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றான்.

அந்தச் சுவிட்சின் பெயர் மின்கசிவுத் தடுப்பு விசை. ஆர்.சி.சி.பி. என்றும் அதனைக் கூறுவர். வீட்டுக்குள் ஒரு கம்பி வழியே செல்லும் மின்சாரம் முழுவதும் மறு கம்பி வழியே திரும்பிவர வேண்டும். சற்றேனும் குறைந்தால், அது வேறெங்கோ கசிகின்றது என்று பொருள். ஈரச்சுவர் வழியாகவோ, இயந்திரத்தின் இரும்புக்கூடு வழியாகவோ, மனித உடல் வழியாகவோ அது கசியலாம். அந்தக் குறைவை உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பதே இவ்விசையின் பணி.

"ஃபியூஸ் இருக்கின்றதே, அது போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. கணக்கைப் பாருங்கள். நாம் பயன்படுத்தும் மூன்று கால் பிளக்கிலுள்ள பெரிய ஃபியூஸ் 13 ஆம்பியர், அதாவது 13,000 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஃபியூஸ் உருகும் முன்பே உயிர் போய்விடும். ஃபியூஸ் காப்பது கம்பியை. மின்கசிவுத் தடுப்பு விசை காப்பது மனிதனை.

ஆகவேதான் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலும், ஈரத்தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலும் துண்டிக்கும் விசைகளைக் கோருகின்றன. குளியலறை வெந்நீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் விசையே தக்கது. நனைந்த உடலில் மின்சாரம் எளிதில் பாயும் என்பதே காரணம்.

இந்த விசையில் 'டி' என்ற எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அதனை அழுத்திப் பாருங்கள். விசை உடனே விழுந்தால் நன்று. விழாவிட்டால் காவலன் உறங்குகின்றான், மாற்றியாக வேண்டும்.

கம்பி சூடேறும் காரணம்

ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து நீட்டிப்புக் கம்பி போட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒன்றாக ஓட்டும் வீடுகள் பல. கெட்டில் 2,000 வாட், சோற்றுப் பானை 700, இஸ்திரிப் பெட்டி 1,000 எனக் கொண்டால் மொத்தம் 3,700 வாட். நமது வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 16 ஆம்பியர். 13 ஆம்பியருக்கென அமைந்த பிளக் இதனைத் தாங்காது. பிளக் கருகுவதும், பிளாஸ்டிக் நாற்றம் வீசுவதும் தீ வருமுன் வரும் அறிவிப்புகள். ஃபியூசுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது, தீக்கு நாமே கதவு திறப்பதாகும்.

பச்சை நிறத்து எர்த் கம்பியையும் பொருட்படுத்தாதோர் உளர். சலவை இயந்திரத்தின் கூட்டில் மின்சாரம் கசிந்தால், அதனை நம் உடலுக்கு வாராமல் மண்ணுக்கு இட்டுச் செல்வது அக்கம்பியே. பிளக்கின் மூன்றாம் காலை ஒடித்துவிட்டு இரு கால்களை மட்டும் செருகுவது பெருந்தவறு. கருவி வாங்கும்போது சிரிம் முத்திரை உண்டா என்றும் பார்த்து வாங்குங்கள்.

யாரை அழைப்பது?

வெட்டுத் தெரியாதவன் கையில் உளியைக் கொடுத்தால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நாம் கூறத் தேவையில்லை. அன்றைக்குப் பால் வரும். ஆனால் பட்டையைத் தாண்டி மரத்தில் பட்ட காயம் பின்னாளில் முடிச்சாகித் தெரியும். மின்கம்பி வேலையும் அத்தகையதே. விளக்கு எரிவதனால் மட்டும் வேலை சரியென்று ஆகிவிடாது.

பல்பு மாற்றுவது, அளவறிந்து ஃபியூஸ் போடுவது ஆகியவற்றை நாமே செய்யலாம். கம்பி இழுப்பது, புதிய பிளக் இடம் அமைப்பது, மெயின் பெட்டியைத் திறப்பது ஆகியவை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்சாரக் குத்தகையாளரின் பணி. அவர் அனுப்பும் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் பெற்றவராக இருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமதிப்பு ஆகாது. அது நமது உரிமை. வேலை தொடங்குமுன் என்ன செய்யப் போகின்றார், என்ன விலை என்பதை எழுத்தில் பெறுங்கள். புதிதாக வயரிங் செய்தால், பணி நிறைவுச் சான்றிதழும் சோதனைச் சான்றிதழும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். "தொல்லை தரும் விசையை எடுத்துவிடலாம்" என்று கூறுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல வயர்மேன் விசையை எடுக்கமாட்டார். கசிவு எங்கே என்று தேடுவார்.

தோட்ட வீட்டில் வசிப்போர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த வீடு நிர்வாகத்தினுடையது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், வீட்டையும் மின்வசதியையும் நன்னிலையில் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளி மீது சுமத்துகின்றது. சுவரைத் தொட்டால் சுரீர் என்கின்றதா? நாமே கைவைக்காமல் தோட்ட ஆப்பீசில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கவனிக்கப்படாவிட்டால் தொழிலாளர் இலாகாவை நாடலாம்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடாதீர்கள். தொட்டால் இருவர் ஆவீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இயலாவிட்டால் காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளுங்கள். 999 எண்ணை அழையுங்கள். மூச்சில்லையெனில், பயிற்சி பெற்றவர் உடனே மார்பை அழுத்தி முதலுதவியைத் தொடங்க வேண்டும். வெளியே அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே எவரையும் விடாது, தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நல்ல விசை ஒன்றும், தகுதியான வயர்மேன் கூலியும் சில நூறு வெள்ளியில் அடங்கும். அதனைச் செலவு என்று எண்ணற்க. மழைக்கால இரவொன்றில் அந்தச் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டால், சினம் கொள்ளாதீர்கள். குளிக்கப் போன பிள்ளை உயிரோடு திரும்பிவர அது தன் கடமையைச் செய்திருக்கலாம்.