மேசைமேல் ஒரு படை – 4: தலையில்லாத சிப்பாய்

லண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் பழைய பொம்மைப் பட்டியலில் 67 என்ற எண்ணுக்கு நேரே இருப்பவர்கள் நம்மூர்க்காரர்கள்: மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. தலைப்பாகையும் துப்பாக்கியுமாக நடைபோடும் காரீயச் சிப்பாய்கள், 54 மில்லிமீட்டர் உயரம். மெட்ராஸ் லான்ஸர்ஸ் குதிரைப்படைக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு. சிவப்பு அட்டைப்பெட்டியும் பெயிண்டும் குலையாத ஒரு செட் இன்று ஏலத்துக்கு வந்தால், மாதச் சம்பளக்காரர் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

ஆனால் அதே சிப்பாய் தலை இல்லாமலும் கிடைக்கிறார். இந்த வாரக் கதை அவரைப் பற்றியது.

1893-ல் வில்லியம் பிரிட்டன் ஜூனியர் ஒரு வழி கண்டுபிடித்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கவிழ்த்துவிட வேண்டும். உள்ளே கூடான சிப்பாய் தயார். உலோகச் செலவு குறைந்தது, கெட்டி பொம்மை விற்ற ஜெர்மானியரைவிட மலிவாக விற்க முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை, மெலிந்த கழுத்து. கீழே விழுந்தால் முதலில் போவது தலை. போதாக்குறைக்கு, 1913-ல் எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற விளையாட்டு விதிப் புத்தகத்தை வெளியிட்டார். மேசைப் போர் விளையாட்டுகளுக்கு முன்னோடியான அந்த ஆட்டத்தில், ஸ்பிரிங் பீரங்கியில் மரக்குச்சியைச் செருகி எதிரிப் படையைச் சுட்டு வீழ்த்த வேண்டும். எத்தனை கழுத்துகள் முறிந்திருக்கும்!

அந்தக் காலத்துச் சிறுவர்களே வைத்தியமும் கண்டுபிடித்தார்கள். உடைந்த கழுத்துக்குள் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி, மேலே தலையை மாட்டிவிட்டார்கள். இன்றும் சேகரிப்பாளர்கள் செய்வது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே வன்னியம்பட்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தீக்குச்சிக்கா பஞ்சம்? சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. குச்சியின் நாலு விளிம்பையும் பிளேடால் சீவி உருளையாக்கி, ஒரு சொட்டு எபாக்ஸி பசை வைத்தால் தலை நிற்கும். பெயிண்ட் பழசாகவே இருக்கட்டும். புதிதாகத் தீட்டினால் சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

அடுத்த தலைமுறை பொம்மைகளுக்கு இந்த விதி அப்படியே தலைகீழ். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் தொடங்கிய சிட்டாடல் மினியேச்சர்ஸ், 1983-ல் வந்த வார்ஹாமர் விளையாட்டுக்காக ஓர்க், பூதம், குள்ளர் என்று வார்த்துத் தள்ளியது. வாங்கிய பையன்கள் கையில் கிடைத்த பெயிண்டைக் கனமாக அப்பினார்கள். கண், மூக்கு தெரியாமல் மெழுகிய அந்தப் பொம்மைகளை இப்போது குவியலாக, அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள். வாங்க வேண்டியது அந்தக் குவியலைத்தான்.

பெயிண்டை எடுக்க உலகெங்கும் பலர் நம்பும் மருந்து நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது: டெட்டால். தண்ணீர் கலக்காமல் மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, பொம்மையை ஒரு நாள் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் வழண்டுகொண்டு வரும். அந்த நிலையில் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பட்டால் பெயிண்ட் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மறுபடி டெட்டாலிலேயே அலசிவிட்டு, கடைசியில்தான் சோப்புத் தண்ணீர். கையுறை கட்டாயம். நெயில் பாலிஷ் ரிமூவர் உலோகத்தை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் பொம்மையோ அதில் கரைந்தே போகும்.

இனி செலவுக் கணக்கு. வெளிநாட்டு ஏலத்தில் பொம்மையின் விலை மலிவாகத் தெரியும், தபால் கட்டணம் கழுத்தைப் பிடிக்கும். ஈயம் தண்ணீரைவிடப் பதினோரு மடங்கு கனம். சுங்க வரியும் பொம்மை விலையோடு தபால் செலவைக் கூட்டித்தான் போடுவார்கள். அதனால் கையைக் கடிக்காமல் தொடங்க நினைப்பவருக்கு ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் படைதான் சரி. 1959-ல் வரத் தொடங்கிய அந்தச் சின்னஞ்சிறு வீரர்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தாலும் சில ஈயச் சிப்பாய்களின் எடைகூட இருக்காது.

கடல் தாண்டாமலும் தேடலாம். எம்.ஆர்.எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987-லிருந்து இந்தியாவில் பொம்மை விற்கிறது. அது தயாரித்த ஜி.ஐ. ஜோ வீரர்களின் விசித்திர வண்ணங்களுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். நமக்கோ அது பரணில் கிடக்கும் பொருள். இடுப்பு கழன்று இரண்டு துண்டாகக் கிடந்தால் தூக்கிப்போட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங் இற்றுப்போயிருக்கும், அவ்வளவுதான். அளவு சொன்னால் ஒர்க்‌ஷாப் சாமான் கடையில் கிடைக்கும். முதுகு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டிவிட்டால் வீரர் நிமிர்ந்துவிடுவார்.

வாங்கியதை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். மர அலமாரியும் சாதாரண அட்டைப்பெட்டியும் ஈயத்துக்கு எதிரி. அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொம்மையை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். கண்ணாடி, இரும்பு, நல்ல பிளாஸ்டிக் டப்பா எதுவானாலும் சரி. அந்தப் பொடி நஞ்சு. ஈயப் பொம்மையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. வீட்டில் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருந்தால், ஈயத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஏர்ஃபிக்ஸிலேயே படை திரட்டலாம்.

(தொடரும்)