பொது மின்னேற்றி

கைப்பேசி, மடிக்கணினி, ஒளிப்படக் கருவி ஆகியவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மின்னேற்றி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. மின்னேற்றி என்பது, சார்ஜர் என்று நாம் பேச்சில் வழங்குவதே. ஒன்றன் முனை மற்றொன்றினுள் நுழையாது, நுழைந்தாலும் இடரே. 5 வோல்ட்டு வேண்டும் கருவியில் 20 வோல்ட்டு புகுந்தால் அது கெடும். உள்ளிருக்கும் மின்கலம் தீப்பற்றவும் கூடும். ஆதலின், முனைகளை ஒரே வடிவாகச் செய்தால் மட்டும் பொது மின்னேற்றி அமைந்துவிடாது. எதற்கு எவ்வளவு என்று அறிந்து கொடுக்கும் முறையும் வேண்டும்.

2014ஆம் ஆண்டில் வெளிவந்த யுஎஸ்பி-சி என்னும் இணைப்பு முறை இதற்கு வழி செய்தது. கருவியைப் பொருத்தும் வரை மின்னேற்றி தன் முனையில் மின்சாரம் விடுவதில்லை. பொருத்தியபின் முதற்கண் 5 வோல்ட்டு மட்டும் தருகிறது. அடுத்து, தன்பால் 5, 9, 15, 20 வோல்ட்டுகள் உள்ளன என அறிவிக்கிறது. கருவி தனக்கு ஏற்றதைக் கேட்கிறது. மின்னேற்றி இசைவு தெரிவித்த பின்னரே அழுத்தம் உயரும். கேட்பது யாதும் இல்லையாயின் 5 வோல்ட்டிலேயே நிற்கும். கேட்போன் இழிந்தோனாயின் 'ஈ' எனவும், ஒப்போனாயின் 'தா' எனவும், உயர்ந்தோனாயின் 'கொடு' எனவும் சொல்வான் என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. இக்கருவி கேட்பது 'தா' என்பதன்பாற்படும் என்பது என் கருத்து. இரண்டும் பேசியன்றோ முடிவு செய்கின்றன! 3 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேண்டுமாயின், இடையிலுள்ள வடமும் தன் ஆற்றலைத் தெரிவித்தல் வேண்டும். அதற்கென ஒரு சிறு சில்லு அதனுள் பதிக்கப்பட்டிருக்கும்.

மின்கலம் நிரம்புவதை ஆளுவதோ, கருவியின் உள்ளேயுள்ள மின்சுற்றே ஆகும். லித்தியம் அயனிக் கலம் பெரும்பாலும் 4.2 வோல்ட்டை எட்டும்வரை ஒரே அளவு மின்னோட்டம் பெறும். பின்னர் அழுத்தம் அந்நிலையில் நிற்க, மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். குடம் நிறையுங்கால், நீர் வார்ப்போர் தாரையைச் சிறுக்கச் செய்வது போன்றது இது. சுவரிற் செருகும் பெட்டியின் கடமை, கேட்டதைச் சிந்தாமல் கொணர்ந்து தருதல்.

20 வாட்டு வாங்கி 18 வாட்டு தருமாயின் அதன் திறன் 90 விழுக்காடு. எஞ்சிய 2 வாட்டு வெப்பமாய் வீணாகும். பழைய மின்னேற்றிகளுட் பலவற்றில் கனத்த இரும்பு உள்ளகமுடைய மின்மாற்றி இருந்தது. நொடிக்கு 50 சுற்று மாறும் மின்னோட்டத்திற்கு அத்துணை இரும்பு வேண்டியிருந்தது. இப்பொழுது அம்மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து அனுப்புகின்றனர். அதனால் மின்மாற்றி மிகச் சிறுத்தது. துண்டிக்கும் பணியில் சிலிக்கனைவிடக் காலியம் நைட்ரைடு குறைந்த இழப்பையே தருவதால், கைக்குள் அடங்கும் பெட்டியே மடிக்கணினிக்கும் போதுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றி, தன் நாடுகளில் விற்கப்படும் புதிய கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல் இம்முனையைக் கட்டாயமாக்கியது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என நாள் குறித்தது. மின்னேற்றி வேண்டாதார், கருவியை மட்டும் வாங்கிக்கொள்ளவும் அச்சட்டம் இடம் தருகிறது.