வண்டி ஏன் கொதித்தது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. எங்கள் வீட்டில் யானையை வாங்கியதோடு கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. யானை என்று நான் சொல்வது, இந்த ஆண்டு தைப் பொங்கலுக்குப் பின் என் தந்தையார் சீட்டுப் பணத்தை எடுத்து 1,15,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய பெட்ரோல் காரைத்தான். அவர் வாரச் சந்தைகளில் ஆயத்த ஆடை விற்பவர். விடியற்காலையில் துணி மூட்டைகளோடு பேருந்து நடத்துநரிடம் கெஞ்சி நின்ற இருபது ஆண்டு நிலை இனி இல்லை என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி சரியாக மூன்று வாரம் நீடித்தது.

மூன்றாவது ஞாயிறன்று, ஏற்காட்டிலுள்ள உறவினர் இல்ல விசேஷத்திற்காக அப்பா, அம்மா, பாட்டி, நான் ஆகிய நால்வரும் புறப்பட்டோம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளதை நண்பர்கள் அறிவீர்கள். ஒன்பதாவது வளைவைத் தாண்டும்போது வெப்பமானியின் முள் நடுக்கோட்டை விட்டு மேலே ஏறியது. பன்னிரண்டாவது வளைவில் அது சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன் இருக்கையில் இருந்த நான் அதைப் பார்த்தேன். பதினான்காவது வளைவில் முன்மூடியின் இடுக்கிலிருந்து வெண்புகை போல நீராவி கிளம்பியது, வண்டி நின்றது.

இக்கட்டுரை அந்த நீராவியைப் பற்றியது. மலையில் வண்டி ஏன் கொதிக்கிறது, அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பவற்றை, எங்களுக்கு நேர்ந்ததை வைத்தே விளக்க முயல்கிறேன்.

வெப்பம் எங்கே போகிறது?

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுக்களின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசுக்கு மேல் போகிறது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். ஆயினும் எஞ்சின் உருகாமல் ஓடுகிறது. காரணம், அதைச் சுற்றி ஓடும் நீர். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மற்றொரு பங்கை நீர்தான் சுமந்து சென்று ரேடியேட்டர் மூலம் காற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மலை ஏறும் சிறிய கார் மணிக்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. அப்படியானால் நீர் சுமக்க வேண்டிய வெப்பம் வினாடிக்கு 18 கிலோஜூல், அதாவது 18 கிலோவாட். நம் வீடுகளில் வெந்நீர் போடும் 1500 வாட் ஹீட்டர் கம்பிகள் பன்னிரண்டை ஒரே நேரத்தில் நான்கு லிட்டர் நீரில் போட்டதற்கு இது சமம்! உலோகம் ஏற்கும் வெப்பத்தைக் கணக்கில் விட்டுவிட்டால், ரேடியேட்டர் வேலை செய்யாத நிலையில் அந்நீர் வினாடிக்கு ஒரு பாகை வீதம் சூடேறும்.

இந்த நீரோட்டத்திற்கு இரண்டு காவலர்கள் உண்டு. முதலாவது தெர்மோஸ்டாட் வால்வு. இதனுள் உள்ள மெழுகு ஏறத்தாழ 82 முதல் 88 பாகையில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி அதைச் சீக்கிரம் சூடாக்கும். இரண்டாவது, ரேடியேட்டரின் அழுத்த மூடி. இது வெறும் மூடியன்று. நம் சமையலறைக் குக்கரின் வெயிட்டைப் போன்றது. உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு வரை அழுத்தத்தை நிறுத்தி வைப்பதால் நீரின் கொதிநிலை 120 பாகை அளவுக்கு உயர்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் நீர் அங்கு 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே மலைப்பாதையில் இம்மூடியின் வேலை இன்னும் பெரிது.

கைவைக்கக் கூடாத மூடி

வண்டி நின்றதும் அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு அந்த மூடியைத் திறக்கப் போனார். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே, "அண்ணே, தொடாதீங்க! ஆறட்டும்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சென்றார். அவர் முகம் கூட எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னதன் பொருளை அன்றிரவு தாளில் எழுதிப் பார்த்தேன். 120 பாகையில் அழுத்தத்தோடு இருக்கும் நான்கு லிட்டர் நீரின் மூடியைத் திறந்தால், அழுத்தம் குறைந்த அக்கணமே ஏறத்தாழ 150 கிராம் நீர் ஆவியாகும். அது அடைக்கும் இடம் 250 லிட்டர். அவ்வளவு ஆவியும் கொதிநீரை அடித்துக்கொண்டு திறப்பவரின் முகத்தை நோக்கித்தான் வரும்.

ஆகவே முள் ஏறத் தொடங்கினால் செய்ய வேண்டியவை இவை. குளிர்சாதனம் ஓடினால் அதை நிறுத்த வேண்டும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழு அளவில் திறக்கலாம். அது இன்னொரு சிறிய ரேடியேட்டராகப் பயன்பட்டு வெப்பத்தை இழுக்கும். பாதுகாப்பான இடம் கண்டவுடன் ஒதுக்கி நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரமாவது, ரேடியேட்டர் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும் வரை, மூடியைத் தொடக்கூடாது. கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் பட்டால் விரிசல் விடுவதைப் போல உலோகமும் விரிசல் விடக்கூடும்.

இரண்டு மெக்கானிக்குகள்

மீட்பு வண்டியில் ஏற்றிக் காரைக் கீழே இறக்கவே 2,500 ரூபாய் ஆயிற்று. முதலில் பார்த்த மெக்கானிக் முன்மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார். "இன்ஜின் போயிடுச்சுங்க. இறக்கிப் போர் வேலை பார்க்கணும். நாப்பதாயிரம் ஆகும்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. விற்றவரைத் திட்டுவதற்குக் கூட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்து செய்யச் சொன்னார் வள்ளுவர். அவ்வழி நடந்தவர் நாங்கள் அடுத்துச் சென்ற முதிய மெக்கானிக். அவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன் நான்கு சோதனைகள் செய்தார்.

முதலாவதாக, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் அது பால் விட்ட காப்பியின் நிறத்தில் இருக்கும். எங்கள் வண்டியில் அப்படி இல்லை. இரண்டாவதாக, ஆறிய ரேடியேட்டரில் நீர் நிரப்பி எஞ்சினை ஓட்டினார். வாய்ப்பகுதியில் விடாமல் குமிழிகள் வந்தன. மூன்றாவதாக, அக்குமிழி வாயுவை ஒரு நீலநிறத் திரவத்தின் வழியே இழுத்தார். திரவம் மஞ்சளாயிற்று. அது நம் வேதியியல் ஆய்வகத்திலும் உள்ள புரோமோதைமால் புளூ. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாவதால் அதன் நிறம் மாறுகிறது. எரிந்த வாயு நீருக்குள் கசிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நான்காவதாக, ரேடியேட்டரைக் கழற்றி மேலே நீரை ஊற்றினார். கீழே அது ஒழுகிய வேகத்தைப் பார்த்து, "பாதிக்கு மேல அடைப்பு தம்பி" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர்கள் கூலண்ட் ஊற்றாமல் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். கடின நீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் படியும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிட்டது. வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட் வால்வையும் யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். இவ்வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. சில எஞ்சின்களில் இவ்வால்வுதான், திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்கு வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். எங்கள் எஞ்சின் அவ்வகையைச் சேர்ந்தது. அழுத்த மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது.

சமதரையில் இவ்வளவு குறைகளோடும் வண்டி ஓடியது. அங்கு எஞ்சினுக்குச் சுமை குறைவு, எதிர்க்காற்றும் மிகுதி. மலையிலோ முதல் கியரில் சுமை மிகுதி, வேகம் குறைவு. வாங்கும்போது நாங்கள் நான்கு கிலோமீட்டர் சமதரையில் ஓட்டிப் பார்த்ததில் இது தெரியாமற் போனதில் வியப்பில்லை.

இரண்டு கிலோமீட்டரின் விலை

எங்கள் வண்டியில் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. மேல்மூடியான ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்து வாயுவையும் நீரையும் பிரித்து வைக்கும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். 40 செ.மீ. நீளமுள்ள ஹெட் 60 பாகை சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். இயல்பான சூட்டில் இந்த வேறுபாட்டைக் கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லை மீறினால், போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஹெட் விரிய இடமின்றி மீள்தன்மை எல்லையைக் கடந்துவிடும். ஆறிய பின்பும் பழைய சமநிலைக்கு வராது. பல சிறிய எஞ்சின்களில் ஹெட்டின் வளைவு 0.05 மி.மீ. அளவுக்குள்தான் இருக்கலாம். எங்களுடையது 0.15 மி.மீ. வளைந்திருந்தது.

மொத்தச் செலவு 13,500 ரூபாய். கேஸ்கட் செட் 2,200, ஹெட்டைச் சமன்படுத்த 1,500, தெர்மோஸ்டாட் வால்வு 650, ரேடியேட்டர் அடைப்பு நீக்க 1,800, அழுத்த மூடி 250, கூலண்ட் 900, எண்ணெயும் வடிகட்டியும் 1,700, கூலி 4,500. கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும் அந்த மெக்கானிக் ஒரு சாக்கில் கட்டி எங்களிடமே கொடுத்தார். பழுது பார்க்கும் எவரிடமும் நாம் மூன்றைக் கேட்க வேண்டும்: காரணம் என்ன, எந்தச் சோதனையால் அது தெரிந்தது, கழற்றிய பாகம் எங்கே? நேர்மையானவர் இக்கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டொரு சொல். தனிநபரிடமிருந்து வாங்கும் பழைய பொருளின் தரத்திற்கு, எழுத்தில் உறுதி பெற்றிருந்தாலன்றி, பொதுவாக வாங்குபவரே பொறுப்பு. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை அதுவே. சாதாரணக் காப்பீடு விபத்துக்குத்தான் உதவும். எஞ்சின் தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் உதவாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 ஆகியவற்றின் வழியே பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றுவதையும் தள்ளிப்போடலாகாது. வாங்குமுன் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தல், உள்ளே இருப்பது கூலண்டா துருநீரா என்று கவனித்தல், தெரிந்த மெக்கானிக்கோடு ஒரு மேட்டுச் சாலையில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தல் ஆகிய மூன்றுக்கும் செலவு சில நூறு ரூபாய்தான்.

இனி நான் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிடுகிறேன். முள் சிவப்பைத் தொட்டபோதே நிறுத்தியிருந்தால் கேஸ்கட்டும் ஹெட்டும் பிழைத்திருக்கக் கூடும் என்றார் அந்த முதியவர். அப்போது செலவு ஐந்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். பன்னிரண்டாவது வளைவிலிருந்து பதினான்காவது வளைவு வரை, இரண்டு கிலோமீட்டர் கூட இராது, நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கவில்லை. வெப்ப விரிவைப் பற்றிய வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அது தேர்வுத் தாளுக்கு உரியது, வண்டி அப்பாவுக்குத் தெரிந்தது என்று என்னையறியாமல் பிரித்து வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் பாடத்தைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை.

அன்றிரவு நான் கணக்கெழுதிய தாளை அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே, சாமி" என்றார். அதில் கோபம் இல்லை.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. சந்தை நாட்களில் புறப்படுமுன் அப்பா கூலண்ட் அளவைப் பார்க்கிறார். முள் எங்கே நிற்க வேண்டும் என்று அம்மாவுக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறார். நண்பர்களே, நாம் படிப்பது நம் வீட்டில் ஓடும் வண்டிக்கும், எரியும் அடுப்புக்கும், இறைக்கும் மோட்டாருக்கும் உரியது. முள் ஏறுவதைக் கண்டால், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பெரியவராயினும், உடனே சொல்லிவிடுங்கள்.